சைபருக்கு ஒரு துண்டு

முதல் நாளே தப்புப் பண்ணிவிட்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இருபத்தொன்பது வருஷம் வெளியூரில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஊருக்குத் திரும்பினேன். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற தூரம், ஆத்தங்குடிப் பக்கம். எங்கள் தெருவில் பதினான்கு பெரிய வீடுகள். ஆள் புழங்குவது ஐந்தில்தான். மற்றதெல்லாம் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் திறந்து, கூட்டிப் பெருக்கி, மறுபடி பூட்டுகிற வீடுகள். அப்படி ஒரு வீட்டின் சாவி பல வருஷமாக எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும் என்று சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். “முகப்பை எடுத்துக்கங்க டீச்சர். வளவுக்குள்ள மட்டும் பிள்ளைகள விட்றாதீங்க” என்றார்கள். முகப்பு வீட்டின் முன்பகுதி, வளவு உள்முற்றம். கிடைத்தது நல்ல இடம். இரண்டு பக்கமும் உயரத் திண்ணை, பர்மாத் தேக்குத் தூண், எந்த வெயிலிலும் குளிர்ச்சியாகக் கிடக்கும் தரை. மூலையில் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டி. அதில்தான் இப்போது சாக்பீஸ் வைத்திருக்கிறேன்.

2025 ஜூனில் ஆரம்பித்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதி வைக்கப்பட்டவர்கள். பழக்கதோஷம், வந்த அன்றைக்கே இருபது கணக்கு கொடுத்துப் பரீட்சை வைத்தேன். திருத்தி, மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்தேன். நாற்பத்தைந்து பேர் இருந்த என் பழைய வகுப்பில் யார் இரண்டு வாங்கினான், யார் பதினெட்டு வாங்கினான் என்பது இரைச்சலில் கரைந்துபோகும். இங்கே பதினோரு பேரும் மூன்று தெருக்காரர்கள். அம்மாக்கள் ஒரே நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், அப்பாக்கள் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள். பொழுது சாய்வதற்குள் எவன் இரண்டு வாங்கினான் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள்.

வகுப்பு சின்னதாக இருந்தால் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். பின்தங்கிய பிள்ளைக்குப் பெரிய வகுப்பில் ஒரு சௌகரியம் உண்டு. முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது வாயை மட்டும் அசைக்கலாம். ஒன்பது பேர் இருக்கிற திண்ணையில் எங்கே ஒளிவது? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குத் தெரியாததைவிட, தெரியாது என்று மற்றவர்களுக்குத் தெரிவதுதான் பெரிய பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பிள்ளைகள் செலவானார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெண் இருக்கிறாள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவள். 2021-ல், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்க அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்து, மாரியம்மன் கோவில் வாசலில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நடந்ததை அவளிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அத்தை, பரீட்சை வைக்காதீங்க. ஒவ்வொருத்தரா தனியாக் கூட்டிப் போய், பேச்சுக்குப் பேச்சா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மத்தவங்க காதுல விழக்கூடாது” என்றாள். ஒரு தாளும் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிற ‘அசர்’ ஆய்வுக்கு, பிரதம் என்ற தொண்டு அமைப்பு பயன்படுத்துகிற வகைத் தாள். எழுத்துகள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. அவ்வளவுதான். கணக்குக்கும் அதே மாதிரி, எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல், ஓர் இலக்க எண்ணால் வகுத்தல் வரை. இருபத்தொன்பது வருஷ அனுபவத்தின் கௌரவம் கொஞ்சம் குறுக்கே நின்றது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஊருணிக் கரைப் படிக்கட்டுக்கு ஒவ்வொருவராகக் கூட்டிப் போனேன்.

ஒன்பதில் மூன்று பேர் கதையை வாசித்தார்கள். நான்கு பேர் பத்தியோடு நின்றார்கள். இரண்டு பேர் சொற்களிலேயே தடுக்கினார்கள். அந்த இருவரில் ஒருவன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் தமிழ்ப் பாடத்தை ‘நன்றாக வாசிப்பான்’ என்று பெயர் எடுத்தவன். அவனுடைய புத்தகத்தையே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, ஏற்ற இறக்கத்தோடு, தங்குதடையில்லாமல் வாசித்தான். எனக்குச் சந்தோஷம். நடுவில் காற்றடித்து ஒரு தாள் புரண்டது. அவன் நிறுத்தவில்லை. விரல் புதுப் பக்கத்தில் ஓடியது, வாய் பழைய பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, மலைப்புத்தான் வந்தது. முழுப் பாடத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்கிற மூளைக்கு எழுத்துக் கூட்ட முடியாது என்று யார் சொல்வது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-ல் ஏழாம் வகுப்பு என்றால் 2019-ல் ஒன்றாம் வகுப்பு. அந்த வருஷம் முடிவதற்குள், 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடியது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. இரண்டாம் வகுப்பு முழுக்கப் போச்சு, மூன்றில் பாதி போச்சு. உயிர்மெய் எழுத்துகள் படிய வேண்டிய காலம் அது. 2022-ல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும். இவர்கள் அப்போது நான்கில் இருந்தார்கள். காலை உணவுத் திட்டம் அதே வருஷம் வந்தது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும். இவர்கள் ஆறுக்குப் போனதும் அதுவும் நின்றது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர்களைத் தாண்டிப் போயே நின்றிருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கென்று ‘திறன்’ பயிற்சி இப்போதுதான், 2025-ல் வந்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். நாலரை மணிக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் வயிறு காய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்கப்புறம் ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலையும் வெல்லமும். தின்று முடிக்கிற வரைக்கும் பாடம் கிடையாது.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் தடுக்குகிற இடம் நான்கைந்துதான். அதில் முக்கியமானது கொம்பு. ‘கெ’ என்று எழுதும்போது கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. கண்ணும் வாயும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ‘கொ’ வந்தால் முன்னால் கொம்பு, பின்னால் கால். பிள்ளை கொம்பைப் பார்த்து ‘கெ’ என்று ஆரம்பிக்கும், காலைப் பார்த்ததும் அதைத் தனி எழுத்தாக நினைத்துத் திணறும், அல்லது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சரளமாக வாசிக்கிற நமக்கு இது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. நான் ஒன்று செய்தேன். சொல்லின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடி, முதலில் நடு எழுத்தை மட்டும் காட்டினேன். “க.” அப்புறம் இரண்டு பக்கமும் திறந்தேன். “இப்ப?” “கொ.” இப்படி ஒரு நாளைக்குப் பத்துச் சொல். வேறெதுவும் இல்லை. ஏழாம் வகுப்புக்காரனுக்கு ஆறு வாரத்தில் கொம்பு அடங்கியது.

ற, ர குழப்பத்தையும் ன, ண குழப்பத்தையும் நான் இப்போதைக்குத் திருத்துவதில்லை. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாசித்துப் புரிந்துகொண்டால் போதும், எழுத்துப்பிழை அடுத்த வருஷத்து வேலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பு மையால் வட்டமிட்டால் பிள்ளைக்குத் தெரிவது வட்டம் மட்டும்தான்.

ஒருவருக்கு ஐந்து நிமிஷம். ஒன்பது பேருக்கு முக்கால் மணி நேரம். ஒருவர் என்னிடம் வாசிக்கும்போது மற்ற எட்டுப் பேரும் தூணுக்கு ஒருவராக அவரவர் வேலையில் இருப்பார்கள். நாற்பத்தைந்து பேர் வகுப்பில் அதே முக்கால் மணி நேரத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நிமிஷம், வருகைப் பதிவுகூட எடுக்காமல். சின்ன வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்த நாலு நிமிஷம்தான்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா புதுவயல் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். இவள் வீட்டில் சமையல் செய்து, தம்பியைக் குளிப்பாட்டி, பெரிய மனுஷியாக நடந்துகொள்கிறவள். இரண்டாம் வகுப்புக் கதைத் தாளைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனது. “இது என் தம்பி படிக்கிறது” என்று திருப்பி நீட்டினாள். நியாயம்தான். அவளுக்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு எழுத்து, ஆனால் இரண்டாம் வகுப்பு நரிக்கதை இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வழி காட்டினார், தெரியாமலேயே.

ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை. பேத்தி கல்யாணம் வருகிறது. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களுக்குத் தன் மகள் கல்யாணத்தில் எழுதிய பழைய நோட்டுத்தான் அவருக்கு வேதம். அதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும், பரணில் இருப்பதைச் சரிபார்த்து டிக் போட வேண்டும். இந்தப் பெண்ணை அனுப்பினேன். படிக்கப் போ என்று சொல்லவில்லை. ஆச்சிக்கு ஒத்தாசையாகப் போ என்றேன்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். வெண்கலப் பானை, பித்தளைத் தூக்கு, பணியாரக் கல் என்று தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தவள், “கெட்டான் இருபது” என்றாள்.

ஆச்சி நிமிர்ந்தார். “யாருடி கெட்டான்? இருபது பேருமா கெட்டான்?”

பெண் நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உதடு அசைந்தது. “கொ... கொட்டான். ஆச்சி, கொட்டான்! ஓலைக் கொட்டான் இருபது.”

“அதைச் சொல்லு. நான் பயந்துட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்து எழுந்து வந்துவிட்டேன். பதினெட்டுப் பக்க நோட்டு அது. பழைய கையெழுத்து, பாதி மை மங்கியது. இரண்டு மாதத்தில் முடித்தாள். அதற்கப்புறம் வந்த கல்யாணப் பத்திரிகைகளையும் அவளே ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாள். இனிஷியல் மட்டுமே அரை வரி ஓடுகிற பத்திரிகைகள். இப்போது அறிவியல் புத்தகத்தைத் தானாக வாசிக்கிறாள். புரிகிறதா என்பது வேறு கதை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கதைத் தாளை மட்டும் இன்றுவரை தொடவில்லை.

கணக்குக்கு வருகிறேன். அது என் சொந்த வீடு, அங்கேதான் அதிகம் தடுக்கினேன்.

பூக்கல் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன். தரையில் பதிக்கிற அந்த ஆத்தங்குடிப் பூக்கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் பாடமே எடுத்தான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்று கேட்டேன். “எந்தக் கல்லு டீச்சர்? அடிக் கல்லுன்னா நூத்தி இருவது. எட்டு இஞ்சுன்னா அடிக்கு ஒன்னரை. பதினஞ்சுக்குப் பதினெட்டு, எரநூத்தி எழுவது. உடைசலுக்கு ஒரு பத்து சேத்து எடுக்கணும்.” வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கைக் கணக்கு இவ்வளவு தெரிந்தவனுக்கு நோட்டுக் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்பி, ஒரு மாதம் கல்லையும் அறையையும் வைத்தே ஓட்டினேன். அவனுக்குப் பொழுது நன்றாகப் போனது. நோட்டில் 408-ஐ நாலால் வகுக்கச் சொன்னால் 12 என்று எழுதினான். முதல் நாளும் 12, முப்பதாம் நாளும் 12. வாயில் இருக்கிற கணக்கும் தாளில் இருக்கிற கணக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுதான், ஆனால் நடுவில் சுவர் இருக்கிறது. யாராவது வாசல் வைத்தால்தான் உண்டு.

அவன் எழுதுவதைத் தள்ளி உட்கார்ந்து கவனித்தேன். நாலில் நாலு, ஒரு தரம். சைபரில் ஒன்றும் இல்லை, விட்டுவிட்டான். எட்டில் நாலு, இரண்டு தரம். ஒன்றுமில்லாததை எதற்கு எழுதுவது? நியாயமான பிள்ளை. அதே பையனிடம் ‘தொள்ளாயிரத்து ஏழு’ என்று சொல்லி எழுதச் சொன்னேன். 9007. ஏன்டா என்றால், “ஆயிரம்னு நீங்கதான சொன்னீங்க” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. நம் எண்ணுப்பெயர் ஒன்பதுக்கு வந்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது. காதால் கேட்பதை நம்புகிற பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

காகிதத்தில் ரூபாய் நோட்டு மாதிரி வெட்டி வைத்தேன். நூறு நாலு, ஒரு ரூபாய்க் காசு எட்டு. நாலு பேருக்குப் பங்கு போடு என்றேன். போட்டான். ஆளுக்கு நூற்றி இரண்டு. சரி, எழுது. எழுதப் போனவன் 1 போட்டுவிட்டு நிறுத்தினான். பத்து ரூபாய்த் தாள் யாருக்கும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், பஸ்ஸுல ஆள் வர்றதுக்கு முன்ன துண்டு போட்டு வப்பாங்கள்ல. இங்க ஆள் இல்ல, ஆனா வேற யாரும் உக்காரக் கூடாது. அதான சைபரு?”

நான் எத்தனையோ வருஷம் ‘இடமதிப்பு’, ‘இடமதிப்பு’ என்று கரும்பலகையில் கட்டம் போட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் ‘சைபரை விட்டுட்ட’ என்று சொல்வதில்லை. ‘துண்டு போட்டியா?’ அவ்வளவுதான். 9007 எழுதினால், ‘ஒரு துண்டு ஜாஸ்தி.’ தப்பைச் சொல்வதற்கு வலிக்காத ஒரு வார்த்தை கிடைத்தது. அதுவும் அவர்களில் ஒருவன் கொடுத்த வார்த்தை.

பின்னத்துக்கும் தமிழே கை கொடுத்தது. அரையில் கால் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். ‘அரைக்கால்’ என்று எதிர்வீட்டு ஆச்சி சாதாரணமாகச் சொல்வார், பாதிக் கால், எட்டில் ஒன்று. பெருக்கலும் விடையும் ஒரே சொல்லுக்குள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்துக்கொண்டு முந்திரி, காணி, மா என்று கீழ்ப்பின்னம் வரைக்கும் தலைகீழாகச் சொல்ல வைப்பார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. எட்டாம் வகுப்பு ஆள் ஒருவன் இதை மீச்சிறு பொது மடங்கு வைத்துச் சரிபார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்தான். இதைச் சொல்லும்போது பழைய திண்ணையைப் பற்றி ரொம்பவும் உருகவும் மனம் வரவில்லை. அங்கே பிரம்பும் இருந்தது. இன்று இந்தத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் தாத்தாக்களுக்கு அன்று படியேற அனுமதி இருந்திருக்காது.

ஆங்கிலத்தை நான் தொடவில்லை. இரண்டு அம்மாக்களுக்கு அதில் வருத்தம், ஒருவர் நேராகவே கேட்டார். ஒரு மொழியில் வாசிப்பு ஓடட்டும், அப்புறம் பார்ப்போம் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

எல்லாம் ஏறுமுகமாகவும் இல்லை. தை 3-ல் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் பையன்கள் யாரும் தலை காட்டவில்லை. வந்தபோது வகுத்தல் பாதி ஆவியாகியிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இன்னும் சொற்களிலேயே நிற்கிறாள். அவளுக்குக் கண்ணா, காதா, வேறெதுவுமா என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். என் அட்டை அவளிடம் வேலை செய்யவில்லை. பூக்கல் பட்டறைப் பையன் அரையாண்டில் கணக்கில் 31. பாஸ் மார்க்குக்கு நாலு குறைவு. ஆனால் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். வகுத்தல் மூன்றும் சரி.

முதல் நாள் போன இரண்டு பேரைச் சொன்னேன் அல்லவா. அதில் ஒரு பையன் கார்த்திகை வாக்கில் தெருவில் தென்பட ஆரம்பித்தான். நேராக முகப்புக்கு எதிரே, வேப்ப மரத்தடியில், சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினைக் கழற்றுவான், மாட்டுவான். தினமும் அதே செயின். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அவன் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் வாய்க்கணக்கை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கேட்பேன்.

போன வாரம் 612-ஐ ஆறால் வகுக்கச் சொல்லியிருந்தேன். ஆறாம் வகுப்புக்காரன் ஒருவன் எழுந்து “பன்னெண்டு” என்றான். இந்தப் பக்கம் யாரும் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது.

“துண்டு போடலடா!”

எல்லோரும் திரும்பினார்கள். அவன் குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான், கையெல்லாம் கிரீஸ். நான் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. “ஆமா, போடலை. நூத்தி ரெண்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பொரிகடலைப் பொட்டலம் பத்துக் கட்டினேன். ஒன்றைத் திண்ணை ஓரத்தில், தெருப் பக்கமாக வைத்தேன். ஐந்தேகால் மணிக்குப் பார்த்தபோது அது அங்கே இல்லை. நாயும் தூக்கிப் போயிருக்கலாம், எங்கள் தெருவில் நாய்க்குக் குறைச்சல் இல்லை.